மாயா உப்புக் கொட்டகைகள்

மத்திய அமெரிக்க நாடான பெலீசின் தென்கரை, பெய்ன்ஸ் கிரீக் தேசியப் பூங்காவின் காயல். சுமார் 1,300 ஆண்டுக்கு முந்தைய, அப்பகுதியின் பண்டை மாயா நாகரிக மக்கள் உப்புக் காய்ச்சிய கொட்டகைகளின் மரக்கால்கள் நட்டது நட்டபடி தண்ணீருக்கடியில் நிற்கின்றன. கடல்மட்டம் உயர்ந்து மூழ்கியவை. காற்றுப் புகாத அலையாத்திச் சேறு மரத்தைக் காத்தது. அதன் அமிலமோ எலும்பையும் சிப்பியையும் கரைத்துவிட்டது.

உப்பேறிய மண்ணில் கடல்நீரை ஊற்றி வடிப்பார்கள். அந்தச் செறிந்த நீரை மண்பானையில் விட்டு, களிமண் உருளைகள்மேல் ஏற்றிக் காய்ச்சுவார்கள். பானையோடுகளும் உடைந்த உருளைகளும் அங்கே குவியல் குவியலாய்.

தொல்லியலாளர் ஹெதர் மக்கிலப்பின் குழு 2004இல் எடுத்த மரத்துடுப்பு அற்புதமான சான்று: உப்பு படகேறிப் போயிருக்கிறது!

தேடும்போது காலூன்றக் கூடாது. சேறு கலங்கினால் ஒன்றும் தெரியாது. மிதந்தபடியே தடவிப் பார்த்து, மரம் தட்டுப்படும் இடத்தில் அடையாளக் கொடி நட வேண்டும். எடுத்த மரத்தைத் தண்ணீரிலேயே போட்டுவைக்க வேண்டும், உலரவிட்டால் சுருங்கி வெடித்துவிடும்.