முட்டைக்கு மட்டும் ஒரு சின்ன இரும்பு பேன்

வீட்டில் முட்டை சாப்பிடுகிறவர்கள் ஒருவரோ இருவரோதான் என்றால் அதற்கென்று தனியாக ஒரு சின்ன பேன் வாங்கிவிடுங்கள். தோசைக்கல்லிலேயே ஆம்லெட் போடலாம்தான், ஆனால் மறுநாள் முதல் தோசையில் முட்டை வாடை வரும், அது போக அவ்வளவு பெரிய கல் காய்வதற்குள் சின்ன பேனில் ஆம்லெட்டே வெந்து தட்டுக்கு வந்துவிடும்.

முதலில் அளவு. கடையில் 20 செ.மீ. என்று சொல்வது விளிம்புக்கு விளிம்பு அளந்தது, ஓரம் சரிவாக இருப்பதால் அடிப்பாகம் அதைவிட நாலைந்து செ.மீ. குறைவாகத்தான் இருக்கும். இரண்டு முட்டை ஆம்லெட்டுக்கு அது போதும். ஒற்றை ஆஃப்பாயிலுக்கு 16 செ.மீ. இன்னும் நல்லது, ஏனென்றால் அகலமான பேனில் வெள்ளைக்கரு மெல்லிசாக ஓடிப் பரவி, மஞ்சள் கரு சூடாவதற்குள்ளேயே ஓரம் மொறுமொறுவென்று காய்ந்துவிடுகிறது. மதுரைப் பக்கம் கரண்டி ஆம்லெட் அப்படி உப்பி வருவதற்கும் இதுதான் காரணம், முட்டைக்குப் பரவ இடமே இல்லை.

என்னைக் கேட்டால் இரும்புதான். எவர்சில்வர் பேனில் சூடு ஒரே சீராகப் பரவாது, சுடர் படுகிற இடத்தில் முட்டை அப்பிக்கொள்ளும். நான்ஸ்டிக் சுலபம், மறுக்கவில்லை, ஆனால் அந்தப் பூச்சு சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும், சின்ன, மெல்லிய பேனை வெறுமனே அடுப்பில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தால் அந்தச் சூட்டுக்குப் போக ரொம்ப நேரம் ஆகாது. முட்டைக்கு அவ்வளவு சூடு தேவையே இல்லை, வெள்ளைக்கரு 62 டிகிரியிலேயே இறுக ஆரம்பித்து 80க்குள் கெட்டியாகிவிடுகிறது.

இரும்பைப் பழக்க வேண்டும், அது ஒரு வேலைதான். இரண்டு மூன்று நாள் வடிகஞ்சியிலோ அரிசி கழுவிய தண்ணீரிலோ ஊறப்போட்டு, தேய்த்துக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து, எண்ணெயை மிக மெல்லிசாகத் தடவிச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி தடவி என்று பொறுமையாகச் செய்தால் அந்த எண்ணெயே இறுகி ஒரு வழுவழுப்பான கறுப்புப் படலமாக மாறிவிடும். அதற்கப்புறம் முட்டை ஊற்றிய கொஞ்ச நேரத்தில் பேனை லேசாக ஆட்டினாலே ஆம்லெட் முழுசாக நழுவும், கரண்டியே வேண்டாம். ஆரம்பத்தில் மட்டும் தக்காளி போட்ட ஆம்லெட்டைத் தவிர்த்துவிடுங்கள், புளிப்பு அந்தப் படலத்தை அரித்துவிடும்.

பெங்களூரில் அல்சூர் பக்கம் தமிழிலேயே பேசி வாங்கலாம். நான் வழக்கமாகப் போகும் பாத்திரக்கடை அக்கா, "கையை எடுத்துட்டு வச்சுப் பாருங்க, சாயுதான்னு" என்று சொல்லித்தான் எடுத்துக் கொடுப்பார். அருமையான யோசனை. சின்ன பேனில் கைப்பிடி கனமாக இருந்தால் காலிப் பேன் கைப்பிடிப் பக்கமாகச் சாய்ந்துவிடும், கேஸ் அடுப்பின் நாலு கம்பிகளில் அது நிற்கவே நிற்காது. அதையே சமதளத்தில் வைத்து விளிம்பை விரலால் அழுத்துங்கள், ஆடினால் அடி சரியில்லை, வேறு எடுங்கள். வீட்டிலும் சின்ன பர்னரில்தான் வைக்க வேண்டும், சுடர் அடியைத் தாண்டி வெளியே வந்தால் கைப்பிடி சுட்டுவிடும்.

பி.ஜி.யில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) இண்டக்‌ஷன் அடுப்புதான் என்கிறவர்கள் ஒரு காந்தத்தைக் கையோடு கொண்டுபோய் அடியில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். இரும்பு எப்படியும் ஒட்டும், வெறும் அலுமினியம் ஒட்டாது. ஒட்டினாலும் அடி ரொம்பச் சின்னதாக இருந்தால் பல இண்டக்‌ஷன் அடுப்புகள் பாத்திரம் இருப்பதையே கண்டுகொள்ளாது, அதனால் அவர்கள் 20 செ.மீ.க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

மூடி தனியாக வாங்க வேண்டாம், வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு தட்டு போதும். ஆஃப்பாயிலின் ஓரத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு சிம்மில் மூடிவைத்தால் ஆவியிலேயே மேல்பக்கம் வெந்துவிடும், திருப்பிப் போட வேண்டியதில்லை, மிளகுத்தூளைத் தூவி அப்படியே தட்டில் சரித்துக்கொள்ளலாம்.