கரண்ட் போனால் நாஸ் தானாக அணைய வேண்டும்

வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே, நாஸுக்கு (NAS, வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்துவைக்கும் பெட்டி) தனியாக யூபிஎஸ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரண இன்வெர்ட்டர், பேட்டரி தீரப்போகிறது என்று நாஸிடம் சொல்லாது. ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது பொட்டென்று அணைந்தால் கோப்புகள் கெட்டுப்போகலாம். அதனால் யூஎஸ்பி போர்ட் உள்ள யூபிஎஸ்ஸாகப் பார்த்து வாங்கி, அந்த ஒயரை நாஸில் செருகி, செட்டிங்ஸில் யூபிஎஸ் ஆதரவை இயக்குங்கள். லினக்ஸ் பெட்டி என்றால், யூபிஎஸ்ஸைக் கவனிக்க நட் (NUT) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது: யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கியதும் அதில் ஓஎல் (OL, கரண்டில் ஓடுகிறது) என்று இருந்த நிலை ஓபி (OB) என்று மாறும், அதாவது இனி பேட்டரிதான். பேட்டரி தீரும்வரை காத்திருக்காமல் 5 நிமிடத்தில் அணையும்படி வைப்பதே என் கட்சி, பழைய பேட்டரி காட்டும் சதவீதத்தை யார் நம்புவது? அப்புறம், ரவுட்டரையும் நெட்வொர்க் ஸ்விட்சையும் அதே யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் நெட்வொர்க் வழியாக அணைய வேண்டிய மற்ற கணினிகளுக்குத் தகவலே போகாது. லேசர் பிரிண்டரை மட்டும் அதில் மாட்டிவிடாதீர்கள்.