பந்தைப் பார்க்காமல் ஆட்டம் பார்த்த மூன்று வாரம்

ஏப்ரலில் என்எஃப்எல் டிராஃப்ட், அதாவது அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி, நெருங்கினால் எங்கள் அலுவலகத்தில் ஒரு பந்தயம் உண்டு. ஆளுக்கு ஒரு கல்லூரி வீரர். அவர் தொழில்முறை ஆட்டத்தில் தேறுவாரா, எந்த இடத்தில் ஆடுவார் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். 2025-ல் சீட்டுக் குலுக்கியபோது எனக்கு வந்தவர் வில் கேம்பல், எல்எஸ்யு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணியின் லெஃப்ட் டேக்கிள். தடுப்பு வரிசையில் இடப்பக்கம் நின்று, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காப்பவர். ஒரு குவார்ட்டர்பேக் வந்திருந்தால் யார்டு, டச்டவுன் என்று எண்களை அடுக்கித் தப்பித்திருப்பேன். தடுப்பு வரிசையில் நிற்கும் அஃபென்சிவ் லைன்மேனுக்கு அப்படி அடுக்க எதுவுமில்லை. அவர் ஒழுங்காக ஆடினால் வர்ணனையாளர் வாயில் அவர் பெயரே வராது.

முதல் இரண்டு இரவும் வீண். ஸ்னாப் ஆனதும், அதாவது பந்து பின்னால் கைமாறி ஆட்டம் தொடங்கியதும், கண் பந்தோடு ஓடிவிடும். அந்த ஆட்டத்தில் கேம்பல் என்ன செய்தார் என்று கேட்டால் தெரியாது. எல்எஸ்யு இருக்கும் பேட்டன் ரூஜில் படித்த சக ஊழியர் ஒருவரிடம் புலம்பினேன். “பந்தை மறந்துடு. மூணு நொடி அவன் காலை மட்டும் பாரு. அப்புறம் ரீவைண்ட் பண்ணி கையைப் பாரு” என்றார். வீட்டுக்கு வந்து டிவியில் பாதியை அட்டையால் மறைத்தேன். அணி திசை மாறினால் அட்டையும் இடம் மாறும். “இதுக்கு டிவியை அணைச்சிடலாமே” என்றாள் மனைவி.

66-ஆம் எண் என்பதால் ஆளைப் பிடிப்பது சுலபம். எல்எஸ்யுவில் 7-ஆம் எண் பெரிய கௌரவம். லைன்மேன் அந்த எண்ணை அணிய விதி இடம் தராததால் 2024-ல் அவருக்கு 7 என்று ஒரு பட்டையைச் சட்டையில் தைத்துக் கொடுத்திருந்தார்கள்.

2023 ஆட்டங்களில் எனக்குக் குழப்பம். அப்போது குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ், அந்த ஆண்டு சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர். தடுப்பு உடைந்தாலும் ஓடித் தப்பிவிடுவார், தடுப்பு நன்றாக இருந்தாலும் ஓடுவார். இதில் டேக்கிளுக்கு மதிப்பெண் போடுவது எப்படி? அதனால் 2024-க்கு வந்தேன். அங்கேயும் பந்து சட்டென்று கையைவிட்டுப் போகும் ஆட்டங்களையும், ஓடுவதுபோல் ஏமாற்றிவிட்டு எறிபவற்றையும் கழித்தேன். அவற்றில் டேக்கிளுக்குச் சோதனையே இல்லை. எதிரி எறிதல் என்று தெரிந்தே பாய்ந்து வருகிற, மூன்றாவது டவுனில் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது) நிறைய யார்டு தேவைப்படும் தருணங்கள்தான் உண்மையான பரீட்சை. கழித்துப் பார்த்தால் ஓர் ஆட்டத்துக்குக் கொஞ்சம்தான் மிஞ்சுகிறது.

அந்தக் கொஞ்சத்தில் கால்கள் அற்புதம். 319 பவுண்டு உடம்பு, பின்னால் சரியும்போது குதிகால் தரையில் படுவதே இல்லை. வெளிப்பக்கமாகச் சுற்றி வருபவனுக்கு முன்பே போய் நிற்கிறார். ஓட்ட ஆட்டத்தில் எதிரணியின் இரண்டாம் வரிசை லைன்பேக்கரைத் தேடிப் போவதைப் பார்க்கவே தனி அழகு. டிராஃப்டுக்கு முன் வீரர்களை அளந்து சோதிக்கும் கம்பைனில் 40 யார்டை 4.98 நொடியில் ஓடியதில் எனக்கு ஆச்சரியமில்லை. உறுத்தியது கைதான். நீளக் கைக்காரன் முதலில் நெஞ்சில் கை வைத்துவிட்டால் கேம்பல் பின்னால் தள்ளப்படுகிறார். பிறகுதான் கால் ஊன்றி நிற்கிறார்.

இண்டியானாபோலிஸ் கம்பைனில் தோள் எலும்பிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்தார்கள்: 32⅝ அங்குலம். டேக்கிளுக்கு 33-க்குக் கீழே போனாலே ‘கார்டாக (டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்பவராக) மாற்று’ என்று குரல் எழும். கல்லூரியே நடத்தும் சோதனை நாளான ப்ரோ டேயில் அதே கை 33 ஆனது. ஒரு மாதத்தில் கை வளருமா என்ன! அளப்பவர் மாறினால் அளவும் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். கிளீவ்லாண்டின் லெஃப்ட் டேக்கிள் ஜோ தாமஸுக்கு 32½ அங்குலம்தான். தொடர்ந்து 10,363 ஸ்னாப் ஆடி 2023-ல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பிடித்தார். ஆனால் ஒரு ஜோ தாமஸைக் காட்டி எத்தனை பேருக்கு வாதாட முடியும்?

நான் எழுதிய தீர்ப்பு: ‘முதல் சுற்று நிச்சயம். கார்டாக ஆடினால் பல ஆண்டு நிலைப்பார், டேக்கிள் சந்தேகம்.’ ஏப்ரல் 24 இரவு நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் நான்காவதாக அழைத்தது. தங்கள் குவார்ட்டர்பேக் ட்ரேக் மேயின் இடப்பக்கக் காவலுக்கு, டேக்கிளாகவே.

மறுநாள் பேட்டன் ரூஜ்காரர் என் தாளை வாங்கிப் படித்தார். “கை குட்டைனு ஒரு மார்க் குறைச்சிருக்க. பின்னாடி தள்றாங்கன்னு இன்னொரு மார்க் குறைச்சிருக்க. ரெண்டும் ஒண்ணுதானே?” என்றார். உண்மை. குட்டைக் கையின் நட்டம் நான் பார்த்த ஆட்டங்களிலேயே வந்துவிட்டது. அளவு டேப்பை நீட்டி அதையே மறுபடி வசூலித்திருக்கிறேன். சரி என்று ஒப்புக்கொண்டேன், முழு மனதோடு அல்ல. கல்லூரியில் நீளக் கைக்காரன் சில வாரம்தான் எதிரே நிற்பான். என்எஃப்எல்லில் ஒவ்வொரு ஞாயிறும் நிற்பான். இதை அவரிடம் சொன்னதற்கு, “அப்போ ஒரு மார்க் மட்டும் குறை” என்று சிவப்புப் பேனாவை நீட்டினார்.