வெளிநாடு போகும் பிள்ளைகளின் கைப்பை

ஹட்டனிலிருந்து இரவு பஸ் பிடித்துக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வந்த பிள்ளை, அம்மா மூடிக்கடியில் பொலித்தீன் வைத்து இறுக்கிக் கொடுத்த அச்சாறு போத்தலைச் சோதனை மேசையில் விட்டுப்போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கைப்பையில் திரவம் வைக்கும் போத்தல் 100 மில்லிலீற்றரைத் தாண்டக் கூடாது. எண்ணெய் கால்வாசிதான் இருக்கிறது என்றாலும் போத்தலின் கொள்ளளவே கணக்கு. அச்சாறும் எண்ணெயும் பெரிய பெட்டிக்குள் போகட்டும்.

பவர் பேங்க் நேர்மாறு. லித்தியம் மின்கலம் சரக்கறையில் தீப்பற்றினால் எட்டி அணைக்க ஆளில்லை. அதனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

மருந்து விடயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இன்ஹேலரும் அன்றாட மாத்திரைகளும் வைத்தியரின் துண்டோடு கையிலேயே இருக்கட்டும். சில வலிநிவாரணிகளுக்கு வளைகுடா நாடுகளில் கடும் கட்டுப்பாடு உண்டு. வீட்டில் விவரம் தெரிந்தவர்கள் முதல் நாளே பையைத் திறந்து பாருங்கள்.