அப்பாவுக்கு கார்டியன் ஆக ஹைகோர்ட் வரைக்கும் போக வேண்டியதாச்சு

எட்டு மாசம் ஆச்சு. போன வியாழக்கிழமைதான் பணம் கைக்கு வந்துச்சு. இன்னும் மனசு ஆறல. வீட்ல பெரியவங்களுக்கு மறதி நோய் ஆரம்பிச்சிருந்தா தயவுசெஞ்சு முழுசா படிங்க.

அப்பாவுக்கு அல்சைமர். ஐசிஎஃப்ல (ரயில் பெட்டி தொழிற்சாலை) இருந்து ரிட்டயர் ஆனவர், எஃப்டி எல்லாமே அவர் பேர்ல மட்டும். பகல் ராத்திரி ரெண்டுக்கும் ஆள் வெச்சு கட்டுப்படியாகல, எஃப்டியை எடுக்கலாம்னு பேங்க்குக்குப் போனா கையெழுத்து ஒத்துப்போகலன்னுட்டாங்க. நாமினி நான்தான் சார்னேன், அது அவருக்கு அப்புறம்தாம்மான்னாங்க. அங்கயே ஒருத்தர் பவர் (அவருக்குப் பதிலா நான் கையெழுத்து போட அதிகாரம் தர்ற பத்திரம்) எழுதி வாங்கிட்டு வாங்கன்னு சொல்ல, அதை நம்பி அப்பாவை கால் டாக்ஸில கூட்டிட்டுப் போய் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல ரெண்டு மணி நேரம் உட்கார வெச்சேன். ஐயா உங்க பேர் என்னன்னு கேட்டாங்க. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, வேலைக்குப் போன காலத்து டோக்கன் நம்பரை கணீர்னு சொன்னார். பதிய மாட்டேன்னுட்டாங்க. அவங்க செஞ்சது சரிதான். புரிஞ்சு போடாத கையெழுத்து செல்லாது, அதைவிட முக்கியம், நல்லா இருந்தப்ப எழுதின பவரா இருந்தாலும் புத்தி சுவாதீனம் போயிட்டா காண்ட்ராக்ட் ஆக்ட் 201-ம் பிரிவுப்படி அதுவும் முடிஞ்சிடும். பவர் இருக்குன்னு தைரியமா இருக்காதீங்க.

அடுத்து கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்பினாங்க, ஒரு நாள் லீவு போச்சு. அங்க நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல கார்டியன் போடறது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு மாதிரி இருக்கிறவங்களுக்கு, டிமென்ஷியா, அதாவது மறதி நோய், அதுல வராதுன்னுட்டாங்க. 2017 மனநலச் சட்டத்துலயும் சொத்தைப் பாத்துக்க ஆள் நியமிக்கிற வழி இல்ல, பழைய 1987 சட்டத்துல இருந்ததை எடுத்துட்டாங்க. கடைசில வக்கீல், அரசியலமைப்புச் சட்டம் 226-வது பிரிவுல நேரா ஹைகோர்ட்ல ரிட் மனு போடலாம்னார். கோமால இருந்த கணவருக்கு மனைவியை கார்டியனா போட்டு 2024 மே மாசம் மெட்ராஸ் ஹைகோர்ட் பெஞ்ச் கொடுத்த தீர்ப்பைத்தான் சேர்த்து வெச்சோம்.

மனுவை ஏத்துக்கிட்டு கேஸ் நம்பர் கொடுக்கறதுக்குள்ளயே ரெண்டு தடவை குறை சொல்லி ரிட்டர்ன் பண்ணிட்டாங்க. முதல் தடவை டாக்டர் சர்டிஃபிகேட்ல 'ஞாபக மறதிக்கு சிகிச்சை பெறுகிறார்'னு மட்டும் இருந்துச்சு. அது போதாது, சொந்தமா முடிவெடுக்க முடியாது, இனி சரியாக வாய்ப்பில்லன்னு டெஸ்ட் ஸ்கோரோட எழுதி வாங்குங்க. ரெண்டாவது, மஸ்கட்ல இருக்கற அண்ணன் அனுப்பின ஆட்சேபணை இல்லைங்கற அஃபிடவிட். எம்பசில அட்டெஸ்ட் பண்ணாம வெறும் ஸ்கேன் அனுப்பிட்டான், ஒரு மாசம் வீண்.

மெடிக்கல் போர்டுல டாக்டர்கள் அப்பாவைப் பரிசோதிச்சது பிரச்சனை இல்லாம முடிஞ்சுது. ஆனா வீட்டுக்கு விசாரிக்க வந்த அதிகாரிகிட்ட அப்பா, "வாங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க, காபி சாப்பிடுங்க"ன்னார். "நல்லாத்தானேம்மா பேசறாரு"ன்னு என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க, சொத்துக்காக பெத்த அப்பனையே பைத்தியம்னு சொல்றவளா நிக்கிற மாதிரி இருந்துச்சு. அழுகை முட்டிட்டு வந்துச்சு. கொஞ்சம் இருங்க சார்னு மட்டும் சொன்னேன். பத்து நிமிஷத்துல அப்பா அதே காபியை நாலு தடவை கொடுக்கச் சொல்லிட்டு, என்னைக் காட்டி இந்தம்மா யாருன்னு அவர்கிட்டயே கேட்டார். அவர் பேனாவை மூடி வெச்சுட்டு "எழுதிடறேன்மா"ன்னார். இந்த நோய்ல வந்தவங்க முன்னாடி அஞ்சு நிமிஷம் நல்லா பேசிடுவாங்க, அதனால தினசரி நடக்கறதை தேதி போட்டு எழுதி வைங்க, வீடியோவும் எடுத்து வைங்க.

ஆர்டர் வந்துச்சு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு கொடுக்கணும், கோர்ட்டைக் கேக்காம வீட்டை விக்கக் கூடாது. நியாயம்தான். சர்டிஃபைட் காப்பி நாலஞ்சா சேர்த்தே அப்ளை பண்ணிடுங்க, பேங்க்ல ஒரிஜினலை வாங்கி லீகல் செக்‌ஷனுக்கு அனுப்பிட்டு பன்னெண்டு நாள் கழிச்சுதான் கூப்பிட்டாங்க. வந்த பணத்துல முதல்ல அப்பாவைப் பாத்துக்கற அக்காவுக்கு ரெண்டு மாச சம்பள பாக்கியைக் கொடுத்தேன்.