பழைய டீசல் பிக்கப்: புகையும் ரிட்டர்ன் குழாயும்

பழைய டீசல் பிக்கப்பில் கோளாறு என்றால் நான் முதலில் பார்ப்பது புகையின் நிறத்தைத்தான். கரும்புகை, எரிபொருளுக்கு ஏற்ற காற்று போதவில்லை என்பதையும், நீலப்புகை, ஆயில் எரிவதையும் காட்டும். வெண்புகைக்குத்தான் நிதானம் வேண்டும்: டீசல் வாடையோடு கண்ணை எரித்தால் அது எரியாத டீசல், இனிப்பு வாடை அடித்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால், அது சிலிண்டருக்குள் கசியாமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

என்னுடைய வண்டி, எஞ்சின் சூடான பிறகு அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆக மறுத்தது. ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா சிலிண்டர்களுக்கும் உயர் அழுத்த டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில், பொதுவாக 200 பார் அளவுக்கு அழுத்தம் சேர்ந்தால்தான், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் இயங்கும். சூட்டில் டீசல் இளகிவிடுவதால், தேய்ந்த பாகத்தின் வழியே கசிவு கூடி, அந்த அழுத்தம் சேராமல் போகிறது. அழுத்தம் தரும் டீசல் பம்பை மாற்றச் சொன்னார்கள். விலையுயர்ந்த அந்தப் பாகத்தைத் தொடுவதற்கு முன், நான்கு இன்ஜெக்டர்களிலும் கசியும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய்களையும் ஒரே அளவுள்ள தனித்தனிப் புட்டிகளில் விட்டு, எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டேன். மற்றவற்றில் டீசல் அடியில் மட்டும் தேங்கி நிற்க, மூன்றாவது சிலிண்டரின் புட்டி பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. அந்த இன்ஜெக்டரை மாற்றியதும் வண்டி சூட்டிலும் உடனே ஸ்டார்ட் ஆனது.

இந்தச் சோதனையைச் செய்பவர்கள், எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாய்களை மட்டும் ஒருபோதும் தளர்த்தக் கூடாது. அங்கிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.