இன்னைக்கும் விழுந்துட்டானா?

ரோமானிய வெண்கலக் காசு சேர்க்கிறேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் கண்ணாடிப் பெட்டி, வெல்வெட் துணி என்று ஏதேதோ நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் அது சமையலறை ஜன்னலோரம் இருக்கிற ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா. உள்ளே பழுப்பு நிறத்தில் தண்ணீர், அடியில் இருபது மண்ணாங்கட்டி.

நான் வாங்குவது சுத்தம் செய்யாத காசு. மண்ணிலிருந்து எடுத்தது எடுத்தபடி, யார் காசு என்று விற்கிறவருக்கே தெரியாமல், மொத்தமாகக் கிடைக்கும். சுரண்டல் லாட்டரி மாதிரிதான், என்ன, இதில் சுரண்டி முடிக்க நாலு மாதம் ஆகும். டிஸ்டில்டு வாட்டரில் ஊறப் போட வேண்டும், குழாய்த் தண்ணீர் ஆகாது, அதில் இருக்கிற குளோரைடு உப்பு வெண்கலத்துக்குச் சேராது, பிற்பாடு வெளிர்பச்சைப் பொடியாகக் கிளம்பிக் காசையே அரித்துவிடும். வெண்கல நோய் என்றே அதற்குப் பெயர். சில நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, இளகின மண்ணைப் பல்குச்சியால் நோண்டி, மறுபடி ஊறப் போட்டு, மறுபடி நோண்டி... வினிகரில் போட்டால் ஒரே ராத்திரியில் பளிச்சென்று ஆகிவிடும்தான். ஆனால் 1,600 வருஷமாகப் படிந்த படலமும் சேர்ந்து போய்விடும். முகமும் எழுத்தும் பெரும்பாலும் அந்தப் படலத்தில்தான் நிற்கிறது, அது போனால் கையில் மிஞ்சுவது வெறும் தகடு.

இவ்வளவு பாடுபட்டு என்ன வரும் என்கிறீர்களா? குதிரைக்காரன் வருவான்.

ரோமானியச் சக்கரவர்த்தி இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் காலத்துக் காசு. கி.பி. 348 வாக்கில் தொடங்கி வண்டி வண்டியாக அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். ஒரு ரோமானியச் சிப்பாய் ஈட்டியால் குத்துகிறான், எதிரி குதிரையோடு சரிகிறான். சுற்றிலும் 'ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ' என்று எழுதியிருக்கும், அதாவது நல்ல காலம் பொறந்தாச்சு. யாருக்கு என்று அந்தக் குதிரைக்காரனைக் கேட்டால் தெரியும். சேகரிப்பவர்கள் இவன் விழுகிற தினுசை வைத்தே வகை பிரித்திருக்கிறார்கள்: குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விழுகிறவன், பின்னால் திரும்பிக் கையை நீட்டிக்கொண்டு விழுகிறவன், விழுந்து முடித்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறவன். என்னிடம் எல்லா வகையிலும் நாலைந்து இருக்கிறது. ராத்திரி நான் விளக்கடியில் உட்கார்ந்தாலே மனைவி உள்ளே இருந்து கேட்பாள், "என்னங்க, இன்னைக்கும் விழுந்துட்டானா?"

போன தடவை வந்த இருபதில் ஒன்று மட்டும் பெரிதாக இருந்தது. அளந்தேன், 28 மில்லிமீட்டர். ஜூலியனின் காளைக் காசாக இருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. 361 முதல் 363 வரை ஆண்ட ஜூலியன் கொழுத்த காளை ஒன்றை நிற்க வைத்து, அதற்கு மேலே இரண்டு நட்சத்திரம் போட்டு அடித்த காசு அது, எனக்கு ரொம்ப நாள் ஆசை. இன்னும் ஒரு மாதம் ஊறட்டும் என்று புத்தி சொன்னது. கை கேட்கவில்லை. நட்சத்திரம் இருக்க வேண்டிய இடமாகப் பார்த்து கத்தி முனையால் லேசாகத்தான் கீறினேன், பொருக்குத் தட்டின புண் மாதிரி ஒரு பாளம் அப்படியே பெயர்ந்து வந்தது. அடியில் வழவழவென்று செம்பு நிறம். காளையும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, யாருடைய காசு என்று இனி ஜென்மத்துக்கும் சொல்ல முடியாது.

அந்த வெறுப்பில் நான் ஒரு வாரம் டப்பா பக்கமே போகவில்லை. அந்த வாரத்தில்தான் என் மனைவி, தங்கையோடு போனில் பேசிக்கொண்டே, நான் இது தேறாது என்று ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பொடிக் காசை எடுத்துப் பல்குச்சியால் நோண்டியிருக்கிறாள். பேச்சு எப்படியும் ஒன்றரை மணி நேரம். பூதக்கண்ணாடி கிடையாது, பதற்றம் கிடையாது.

"என்னங்க, இதுல நாய் ஒண்ணு நிக்குது. கீழ ரெண்டு குட்டி. மேல ரெண்டு புள்ளி மாதிரி ஏதோ இருக்கு."

ரெண்டு புள்ளியா! பிடுங்கிப் பார்த்தேன். நட்சத்திரம். கீழே ஓநாய். குட்டி இல்லை, பால் குடிக்கிற ரோமுலஸும் ரீமஸும், ஓநாய் வளர்த்ததாகக் கதையில் வருகிற, ரோமை உண்டாக்கின இரட்டைப் பிள்ளைகள். 330-இல் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி கான்ஸ்டான்டிநோபிள் என்ற புதுத் தலைநகரைத் திறந்தபோது, புது ஊர் பேரில் ஒரு காசு, பழைய ரோம் பேரில் ஒரு காசு என்று அடித்தார். பழைய ஊர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்திருப்பார் போல. அதில் ரோம் காசுதான் இது. மறுபக்கம் தலைக்கவசம் போட்ட ரோமா தேவி, மூக்குகூடத் தேயவில்லை.

இதுவும் நிறையக் கிடைக்கிற காசுதான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னேன், அது பெரிய தப்பு. "நிறையக் கிடைக்குதுன்னா உங்ககிட்ட ஏன் ஒண்ணுகூட இல்ல?" என்றாள்.

இப்போது ஜன்னலோரம் இரண்டு டப்பா. அவளுடையதில் என் கை படக்கூடாது. நேற்று ராத்திரி என் டப்பாவில் இருந்து ஒன்றை எடுத்துக் குனிந்து நோண்டிக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு ஈட்டி முனை தெரிந்தது. அப்புறம் மடங்கின ஒரு குதிரைக் கால். நான் மூச்சுகூட விடவில்லை, உள்ளே இருந்து குரல் வந்துவிட்டது.

"விழுந்துட்டானா?"

"இல்ல" என்றேன், "இவன் உக்காந்திருக்கான்."